ஹேங்ஓவருக்கு வீட்டிலேயே டிரிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஸ்டாஃப் நர்ஸ். சென்னையில் ஒரு மருத்துவமனை கேஷுவால்டியில் பதினோரு வருடம் இருந்தேன். அதன்பிறகு வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் ஒன்றரை வருடம். படுக்கைப்புண்ணுக்கு டிரெஸ்ஸிங், யூரின் டியூப் மாற்றுவது, ஆன்டிபயாடிக் ஊசி என்றுதான் சேர்ந்தேன். சில மாதத்திலேயே ‘ஹேங்ஓவர் டிரிப்’ என்று ஒரு பேக்கேஜ் கொண்டுவந்தார்கள். குடித்த மறுநாள் வரும் தலைவலி, குமட்டலுக்கு வீட்டிலேயே நரம்பு வழியாகச் சலைன் பாட்டில் ஏற்றுவது அது. சனி, ஞாயிறு காலையில் என் பையில் அதுதான் இருக்கும். அந்த வேலையை விட்டுவிட்டேன். ஆனாலும் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள், சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்த நர்ஸ்கள் இதைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஹேங்ஓவர் என்பது உடம்பில் தண்ணீர் வற்றிப்போவதுதானே?

அது ஒரு பங்குதான். சிறுநீரகத்திடம் ‘தண்ணீரைப் பிடித்து வை’ என்று சொல்வது வாசோபிரஸின் என்ற ஹார்மோன். மது அதை அமுக்கிவிடும். இரவில் நாலு தடவை எழுந்து போவதும், விடிந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். இதற்குத் தண்ணீர் போதும்.

மற்ற தொந்தரவுகள் தண்ணீரால் வருபவை அல்ல. கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைட் என்ற நச்சாக மாற்றி, பிறகுதான் அதை அசிட்டேட்டாக உடைக்கும். இரைப்பையின் உள்சுவர் எரிந்துபோயிருக்கும். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூக்கம் துண்டு துண்டாகத்தான் இருந்திருக்கும். உடம்பின் எதிர்ப்பு மண்டலமும் கிளறிவிடப்பட்டிருக்கும். மது ரத்தத்திலிருந்து ஏறக்குறைய முழுவதும் இறங்கும் நேரத்தில்தான் ஹேங்ஓவர் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் நரம்பு வழியாகத் தண்ணீர் ஏற்றினால் தாகம் அடங்கும். மற்றவை அவற்றின் நேரத்துக்குத்தான் அடங்கும்.

டிரிப் ஏற்றினால் போதை சீக்கிரம் இறங்குமா?

இறங்காது. கணக்குப் போட்டே பார்க்கலாம். நம் ஊர் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் சுத்தமான ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம். சராசரி மனிதரின் கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். ஒரு குவார்ட்டர் முழுவதும் இறங்க ஆறிலிருந்து எட்டரை மணி நேரம். இரண்டு குவார்ட்டர் என்றால் இரட்டிப்பு. சலைனோ, மோரோ, பில்டர் காபியோ, பச்சைத் தண்ணீர்க் குளியலோ அந்த வேகத்தைக் கூட்டாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. டிரிப் முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு கார் சாவியை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் அது குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டுமே கூட விழலாம். இரவு ஒரு மணி வரை குடித்தவர் காலை எட்டு மணிக்கு ஊதினாலும் மாட்டக்கூடும். தெம்பு வந்துவிட்டதாக நினைப்பவரின் கையில் வண்டி இருப்பது, எதிரே வருகிறவருக்குத்தான் ஆபத்து.

எனக்கு டிரிப் போட்டதும் நிஜமாகவே நன்றாக இருந்ததே?

இருந்திருக்கும், நம்புகிறேன். அந்தப் பையில் பெரும்பாலும் வாந்தி நிறுத்தும் ஆன்டான்செட்ரான் ஊசியும், வயிற்று எரிச்சலுக்கு பான்டோபிரசோலும் இருக்கும். சிலர் வலி ஊசியும் சேர்ப்பார்கள். குமட்டல் நின்றது அந்த ஊசியால். ஒரு மணி நேரம் இருட்டறையில் அசையாமல் படுத்திருந்தீர்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து நாடி பார்த்தார். நேரமும் ஓடியது. இத்தனையும் சேர்ந்துதான் தெம்பு. பெருமை மட்டும் பாட்டிலுக்குப் போய்விடுகிறது.

நம் ஊரில் பாட்டில் மீது இருக்கும் நம்பிக்கை பழையது. ‘உடம்பு அசதியா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்’ என்று கிளினிக்கில் கேட்காதவர்கள் குறைவு. 5 சதவீத குளுக்கோஸ் 500 மில்லி பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஆறு டீஸ்பூன் அளவு. வாயால் குடிக்க முடிகிறவருக்கு அதைக் கையைக் குத்தி ஏற்ற அவசியமே இல்லை.

அந்த மஞ்சள் நிற பாட்டிலில் என்னதான் இருக்கிறது?

நார்மல் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட். இரண்டும் உப்பு கலந்த நீர்தான். மஞ்சள் நிறம் மல்டிவைட்டமின் ஊசி கலந்ததால் வருவது. அந்த நிறம் விற்பனைக்கு ரொம்ப உதவும். ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டதும் போட்டோ எடுக்காத வீடு குறைவு. உடம்பில் குறையாத பி வைட்டமின்களை ஏற்றினால், அன்று மதியமே சிறுநீரில் அதே மஞ்சளாகப் போய்விடும்.

500 மில்லி நார்மல் சலைனில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிபி, இதயம், கிட்னி பிரச்சினை உள்ளவருக்கு ஒரு மணி நேரத்தில் இவ்வளவு உப்பை ரத்தத்தில் நேராகச் சேர்ப்பது சின்ன விஷயம் இல்லை.

விலையும் கேட்பார்கள். நான் இருந்த இடத்தில் வாடிக்கையாளரிடம் 3,500 ரூபாய் வாங்கினார்கள். எனக்கு 600. பாட்டில், ஐவி செட், வென்ஃப்ளான் என்ற நரம்பு ஊசிக்குழாய், மருந்து எல்லாம் சேர்த்தும் சில நூறு ரூபாய்தான். மீதி விளம்பரத்துக்கும், புக் செய்யும் மொபைல் ஆப்புக்கும், லாபத்துக்கும். வீட்டுக்கு வந்து செய்யும் வேலைக்குக் கூலி கூடுதலாக இருப்பதில் தவறு இல்லை. ஆனால் அந்தக் காசு பாட்டிலுக்கா, பரிசோதனைக்கா என்பதுதான் என் கவலை. பின்னால் சொல்கிறேன்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

2005-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு, எந்த வைத்தியமும் ஹேங்ஓவரைத் தடுப்பதாகவோ தீர்ப்பதாகவோ உறுதியான ஆதாரம் இல்லை என்றது. 2022-ல் ‘அடிக்‌ஷன்’ இதழில் வந்த ஆய்வு 21 சோதனைகளைப் பார்த்தது: கிராம்புச் சாறு, சிவப்பு ஜின்செங், கொரியப் பேரிச்சாறு என்று பலவகை. ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்பதுதான் அதிலும் முடிவு.

இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து. பால்டிமோரில் ஜான் மையர்ஸ் என்ற டாக்டர் வைட்டமின்களையும் தாது உப்புகளையும் கலந்து நரம்பில் ஏற்றி வந்தார். 1984-ல் அவர் இறந்தபிறகு வேறொரு டாக்டர் அதை ‘மையர்ஸ் காக்டெயில்’ என்று பரப்பினார். 2012-ல் லாஸ் வேகஸில் மயக்க மருந்து நிபுணர் ஒருவர் பஸ்ஸிலேயே படுக்கை போட்டு ஹேங்ஓவருக்கு டிரிப் ஏற்ற ஆரம்பித்தார். அங்கிருந்து ஊர் ஊராகப் பரவி, இப்போது நம் ஊர் போன்களிலும் வந்து நிற்கிறது.

சென்னையில் யார் கூப்பிடுகிறார்கள்?

நீங்கள் நினைக்கும் ஆட்கள்தான் முதலில். ஓஎம்ஆரில் சோழிங்கநல்லூர், நாவலூர் பக்கத்து அபார்ட்மென்ட் பையன்கள். ஈசிஆரில் கல்யாணத்துக்கு முந்தின நாள் கூடும் நண்பர் கூட்டம். ஜனவரி ஒன்றாம் தேதி ஒரே காலையில் ஆறு வீடு போயிருக்கிறேன். இவர்களில் பலருக்கு டிரிப்பே தேவையில்லை. ஓஆர்எஸ் குடித்துவிட்டு மதியம் வரை தூங்கினால் சரியாகிவிடும்.

அடுத்தது, தெரியக்கூடாது என்று கூப்பிடுகிறவர்கள். பத்து மணிக்கு மீட்டிங், ஒன்பதுக்குள் முடியுமா என்பார்கள். ‘சிஸ்டர், பில்லுல ஃபீவர்னு போட்டுருங்களேன்’ என்பார்கள். ஆபீஸ் லீவுக்கு ஒன்று, இன்ஷூரன்ஸுக்கு ஒன்று. நான் போட்டதில்லை. போட்டுக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், அவர்களுக்குத்தான் ஃபைவ் ஸ்டார் விழும்.

மூன்றாவது வகையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வாரம் தவறாமல் கூப்பிடுகிறவர்கள். ஒரே ஆளுக்கு ஒரு மாதத்தில் ஐந்து தடவை போயிருக்கிறேன். இரண்டு கையிலும் நரம்பு தடித்துக் கயிறு மாதிரி ஆகியிருந்தது. ஆப்பில் அவர் ‘ரெகுலர் கஸ்டமர்’. ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்குக் குறுஞ்செய்தி போகும். கேஷுவால்டியாக இருந்தால் மூன்றாவது தடவையே டாக்டர் அவரை உட்காரவைத்து, வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் பேசியிருப்பார்.

வீட்டில் போட்டால் என்ன ஆபத்து?

ஊசி வெளியே வந்து கை வீங்குவது, நரம்பு புண்ணாவது, கிருமி ஏறுவது. இவை எங்கேயும் வரக்கூடியவை, நல்ல நர்ஸ் கவனித்துவிடுவார். பயப்பட வேண்டியது மருந்து அலர்ஜிக்கு. மல்டிவைட்டமின் ஊசிக்கும், வலி ஊசிக்கும் திடீரென்று மூச்சு முட்டி பிபி இறங்கிவிடலாம். அப்போது கையில் அட்ரினலின் ஆம்பூல் இருக்க வேண்டும், அதைப் போடத் தெரிந்தவர் இருக்க வேண்டும், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியிலிருந்து இறக்க ஆள் இருக்க வேண்டும். எனக்குக் கொடுத்த பையில் அட்ரினலின் இல்லை. கேட்டேன். ‘வைட்டமின்தானே சிஸ்டர்’ என்றார்கள். என் காசில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

குத்திய ஊசியை எங்கே போடுகிறார்கள் என்றும் பாருங்கள். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசி குத்துப்படாத வெள்ளை டப்பாவிலும், டியூப் சிவப்புப் பையிலும் திரும்பப் போக வேண்டும். உங்கள் வீட்டுக் குப்பைக்கூடையில் விட்டுப்போனால், மறுநாள் அது குத்துவது குப்பை பிரிக்கும் மாநகராட்சித் தொழிலாளியின் விரலில்.

நர்ஸுக்கும் ஆபத்து உண்டு. இதை யாரும் கேட்பதே இல்லை. குடித்த ஆண்கள் நாலைந்து பேர் இருக்கும் ஃபிளாட்டுக்குள் ஒரு பெண்ணைத் தனியாக அனுப்புகிறார்கள். கதவு திறந்தே இருக்கட்டும் என்று சொல்லித்தான் நான் உள்ளே போவேன். இந்த வேலைக்குப் பெண்ணை அனுப்பும் நிறுவனம் கூட ஒருவரை அனுப்பியே ஆக வேண்டும். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் அந்த வேலையை எடுக்கக் கூடாது.

ஹேங்ஓவர் மாதிரியே இருந்து வேறாக இருக்கக்கூடியவை எவை?

இந்தப் பதிலை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் படியுங்கள்.

மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் 20-க்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65-க்கும் மேற்பட்டோர். சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பையும் உயிரையும் எடுத்தது. இதில் கொடுமை என்னவென்றால், அறிகுறி உடனே வராது. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான். மறுநாள் தலைவலி, வாந்தி, வயிற்றுவலி என்றால் ‘ராத்திரி ஓவராப் போச்சு’ என்று படுத்துக்கொள்வார்கள். பார்வை மங்கினால், கண்முன் வெள்ளையாகப் புகை மாதிரி தெரிந்தால், மூச்சு வேகமாக வாங்கினால் ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் மருத்துவமனையில்தான் இருக்கின்றன. இந்த ஆளுக்கு வீட்டில் சலைன் போட்டுப் படுக்க வைப்பது, காப்பாற்றக்கூடிய மணி நேரங்களைத் தின்பது.

தலையில் அடி. போதையில் பாத்ரூமில் விழுந்தது அவருக்கே நினைவிருக்காது. மறுநாள் தலைவலியும் வாந்தியும் இருக்கும். மண்டைக்குள் ரத்தம் கசிந்தாலும் இதே அறிகுறிதான். தலைமுடிக்குள் விரல் விட்டுத் தடவி வீக்கம் இருக்கிறதா பாருங்கள். நான் ஒவ்வொரு வீட்டிலும் இதைச் செய்வேன்.

சுகர் இறங்குவது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்துவிட்டுத் தூங்கினால் விடிகாலையில் சுகர் அபாயமாகக் கீழே போகலாம். வேர்த்து, குழறிப் பேசி, எழுப்பினாலும் எழாமல் கிடப்பார். போதை என்று விட்டுவிடக் கூடாது. விரலில் குத்திப் பார்க்க ஒரு நிமிடம்.

மேல்வயிற்றில் பிடிக்கும் வலி கணையமாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். ‘கேஸ்’ என்று எல்லோரும் சொல்லும் வலிதான்.

கடைசியாக, கை நடுக்கம். ஹேங்ஓவர் குடித்ததால் வருவது. நடுக்கம் நிறுத்தியதால் வருவது. தினமும் குடிப்பவர் ஒரு நாள் நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுங்கும், வேர்க்கும், படபடக்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாததைப் பார்த்துப் பேசும் நிலைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து.

நீங்கள் போட மறுத்ததுண்டா?

உண்டு. கொளத்தூரில் ஒரு வீடு. வாசலில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘சிஸ்டர், ஒரு பாட்டில் ஏத்திட்டா எழுந்து வேலைக்குப் போயிடுவாரு’ என்றார். உள்ளே நாற்பத்தைந்து வயது இருக்கும், கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். டீ லுங்கியில் சிந்திக்கொண்டே இருந்தது. ஃபேன் ஓடியும் நெற்றியில் வேர்வை. ‘அண்ணா, கடைசியா எப்ப குடிச்சீங்க?’ என்றேன். முந்தின நாள் மதியம். பதினைந்து வருடமாகத் தினமும். மகள் அழுததால் ஒரு நாள் விட்டுப் பார்த்திருக்கிறார்.

நிறுவனம் அன்று அனுப்பியிருந்தது டிஎன்எஸ், அதாவது குளுக்கோஸ் கலந்த சலைன். பல வருடம் குடித்தவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால், இருக்கும் கொஞ்சநஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். கண் நிலைகுத்தும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். தயமின் முதலில் என்பது கேஷுவால்டியில் எங்களுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம்.

கோஆர்டினேட்டருக்கு போன் செய்தேன். ‘டாக்டர் அப்ரூவ் பண்ணிட்டாரு, போட்டுட்டு வாங்க சிஸ்டர், அடுத்த கேஸ் வெயிட்டிங்’ என்றார். அந்த டாக்டர் இவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆப்பில் நிரப்பிய படிவத்தில் ‘தினமும் குடிப்பீர்களா’ என்ற கேள்வியே கிடையாது. நான் போடவில்லை. 108-ஐக் கூப்பிட்டேன். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் இரவு வார்டில் அவருக்கு வலிப்பு வந்ததாகவும், டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்ததாகவும் அந்த அம்மா போன் செய்தார். அந்த வீட்டுக்கு எனக்கு 600 ரூபாய் வரவில்லை, பாட்டில் திறக்கவில்லை அல்லவா.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது?

அந்த 600 ரூபாயில். பாட்டில் ஏறினால் காசு, ஏறாவிட்டால் இல்லை. அந்த வீட்டில் நான் செய்த உருப்படியான வேலை நாலு கேள்வி கேட்டதும், பிபி பார்த்ததும், ஆம்புலன்ஸ் கூப்பிட்டதும். அதற்கு விலைப்பட்டியலில் இடமே இல்லை. டிரிப் தேவையே இல்லாதவருக்கு ஏற்றினால் வருமானம். மருத்துவமனைக்குப் போக வேண்டியவரை அனுப்பி வைத்தால் நஷ்டம்.

நேர்மையாக நடத்த வழி உண்டு. காசு வருகைக்கும் பரிசோதனைக்கும் என்று இருக்கட்டும். பாட்டில் போட்டாலும் போடாவிட்டாலும் நர்ஸுக்கு ஒரே தொகை. டாக்டர் வீடியோவில் நோயாளியைப் பார்த்து, பேசி, பிறகு எழுதட்டும். ஒரே ஆள் மாதத்தில் இரண்டாவது தடவை கூப்பிட்டால் டிரிப் கிடையாது, டாக்டரிடம் பேச்சு. வீட்டு மருத்துவமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் பிபி, சுகர்க்காரருக்கும் வாசலுக்கே வந்து பார்க்கிறார்கள். எங்கள் தெருப் பாட்டிக்கு அது பெரிய உதவி. வர முடியாதவருக்காக வீட்டுக்குப் போவது அது.

குடித்தவருக்கு இப்படி வசதி செய்துகொடுப்பதே தப்பில்லையா?

வீட்டுப் பெண்கள் கோபமாகக் கேட்கும் கேள்வி இது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வலியோடு இருப்பவரிடம் ‘நீயே வரவழைத்துக்கொண்டது, அனுபவி’ என்று நர்ஸ் சொல்லக் கூடாது. ஹெல்மெட் போடாமல் விழுந்தவருக்கும் தையல் போடுகிறோம்.

வலியைக் குறைப்பதில் தப்பில்லை. ‘எவ்வளவு வேண்டுமானாலும் குடியுங்கள், காலையில் நாங்கள் இருக்கிறோம்’ என்று விளம்பரம் செய்வதில்தான் தப்பு. அந்த வாக்கியம் பொய். ஈரலுக்கும் கணையத்துக்கும் நேற்று இரவு நடந்ததை எந்தப் பாட்டிலும் திருப்பி எடுக்காது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

சட்டப்படி இது சரியா?

டாக்டர் சீட்டு இல்லாமல் ஊசி மருந்து போடக் கூடாது. ஆன்டான்செட்ரான், பான்டோபிரசோல் ஊசிகள் ஷெட்யூல் ஹெச் மருந்துகள், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடியவை. போடுகிறவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், உண்மையான நர்ஸ் கோபப்பட மாட்டார். மருந்தைப் பற்றி ஏமாற்றும் விளம்பரத்தை 1954-ம் ஆண்டு மருந்து மற்றும் மாய வைத்திய விளம்பரச் சட்டம் தடுக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஹேங்ஓவர் மாத்திரை, பவுடர், சின்ன பாட்டில் பானம் இவற்றை வாங்கலாமா?

வாங்காதீர்கள். இவை பெரும்பாலும் உணவுப் பொருள் என்ற உரிமத்தில் வருபவை. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று எழுதக் கூடாது. அமெரிக்காவில் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 ஜூலையில் இப்படி விற்ற ஏழு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. தென் கொரியாவில் 2025-லிருந்து, மனிதர்களிடம் செய்த சோதனையைக் காட்டினால்தான் ஹேங்ஓவருக்கு நல்லது என்று லேபிளில் போட முடியும். அந்த விதி இங்கேயும் வர வேண்டும்.

காலையில் ஒரு கட்டிங் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

கொஞ்ச நேரம் மரத்துப்போகும், அவ்வளவுதான். கட்டிங் என்பது அரை குவார்ட்டர், கழிக்க வேண்டிய கணக்கில் இன்னொரு 30 கிராம் சேரும். ஒருவர் டாஸ்மாக் திறக்கும் மதியம் 12 மணிக்காகக் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்றால், அது ஹேங்ஓவரைத் தாண்டிப் போய்விட்டது.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

ஓஆர்எஸ் ஒரு பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணீரில். மெடிக்கலில் வாங்கும்போது உலக சுகாதார நிறுவன அளவு என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். ஓஆர்எஸ் பெயரில் சர்க்கரைத் தண்ணீர் விற்றவர்களை, அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 அக்டோபரில் தடுத்தது. ஒரே மூச்சில் குடிக்காமல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு குடித்தால் வாந்தி வராது.

உப்புப் போட்ட மோர், நீராகாரம், இளநீர், அரிசிக் கஞ்சி. எல்லாம் நல்லதுதான். தண்ணீரும் உப்பும் கொஞ்சம் மாவுச்சத்தும் வயிற்றுக்கு இதமாகப் போகின்றன. கிட்னிக்காரர்கள் மட்டும் இளநீரைத் தவிர்க்க வேண்டும், பொட்டாசியம் அதிகம். காரமான நண்டு ரசம், மட்டன் பாயா எல்லாம் வயிறு சரியானபிறகு.

தலைவலி மாத்திரையில் கவனம். டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின், புரூஃபென் வகைகள் ஏற்கெனவே எரிந்திருக்கும் இரைப்பையில் ரத்தக் கசிவைக் கொண்டுவரலாம். பாராசிட்டமால் ஈரலுக்குப் பாரம். தினமும் குடிப்பவர் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. தூங்குபவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாது.

எங்கள் வீட்டுக்காரர் வாரம் இரண்டு தடவை டிரிப் கேட்கிறார். எங்கே கூட்டிப்போவது?

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் குடிநோய்ச் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவமனை என்ற பெயருக்குத் தயங்காதீர்கள், அங்கே வருகிறவர்களில் உங்களைப் போன்ற குடும்பங்கள் நிறைய. இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனை இருக்கிறது. கணவரைக் குடிக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது, குடும்பத்தினருக்கும் சேர்த்தே ஆலோசனை தருவார்கள். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நகரில் பல இடங்களில் தமிழிலேயே நடக்கின்றன, கட்டணம் கிடையாது. முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்றால் குடிமறுவாழ்வு உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலிமனஸ் 14416. இரண்டும் இலவசம்.

நாளையிலிருந்து தொடவே கூடாது என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் கொளத்தூர் வீட்டில் பார்த்தோம். டாக்டர் மேற்பார்வையில், மருந்தோடு நிறுத்த வேண்டும். போகும்போது பழைய மாத்திரைச் சீட்டு, சுகர் ரிப்போர்ட், டிரிப் போட்ட பில் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை மணியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். அவரால் சரியாகச் சொல்ல முடியாமல் போகலாம்.